சும்மா எழுத்து

பதினெட்டு வருடமாக நான் டிராயிங் மிஸ். இதைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர்கள் "அட, ஜாலியான வேலைங்க" என்பார்கள். பளாரென்று ஒன்று விடலாமா என்றிருக்கும். சிரித்து வைப்பேன்.

முதலில் இருந்தது பூந்தமல்லிப் பக்கம் ஒரு பள்ளி. அங்கே என் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்தார்கள். அடுத்தது காட்டுப்பாக்கம். அங்கே டிராயிங் அறையைக் கம்ப்யூட்டர் அறையாக்கிவிட்டு என்னை லைப்ரரியில் உட்கார வைத்தார்கள். பிறகு லைப்ரரியையும் பூட்டினார்கள். மூன்றாவதாக வந்து சேர்ந்தது, அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் ஆங்கில வழிப் பள்ளி. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு வாரத்துக்குத் தலா ஒரு டிராயிங் பீரியட். மற்ற நேரமெல்லாம் லீவு போட்ட டீச்சர்களின் வகுப்பில் போய் உட்கார்ந்து "சத்தம் போடாதே" என்று சத்தம் போடுவது என் வேலை.

வீட்டில் யாரும் என்னை வேலைக்குப் போ என்று சொல்லவில்லை. அதுதான் என் பயமே. என் கணவர் நல்ல மனிதர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து வந்து, நான் முகத்தைத் தொங்கப் போட்டிருப்பதைப் பார்த்தால், "எதுக்கு இந்தக் கஷ்டம், பேசாம வீட்ல இரேன்" என்பார். பிரியமாகத்தான் சொல்வார். இந்தப் பீரியட் போனால் ஒரு ஜீவன் அழாது. நான் திருநின்றவூரில் ஒரு வாடகை வீட்டுக்குள் இருப்பேன், அவ்வளவுதான். நாற்பத்தாறு வயதில் நான்காவதாக ஒரு பள்ளி எனக்குக் கிடைக்காது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

போன வருடம் ஓப்பன் டே அன்று, அதாவது பெற்றோர்கள் வகுப்புக்கு வந்து பிள்ளைகளின் நோட்டுகளைப் பார்க்கும் நாளில், ஒரு அப்பா தன் மகனின் டிராயிங் நோட்டை விரல் நுனியால் புரட்டிவிட்டு மனைவியிடம் சொன்னார்: "தண்டம். ஒரு பீரியட் முழுக்கத் தண்டம்." நான் கதவுக்குப் பின்னால் சார்ட் ஒட்டிக்கொண்டிருந்தேன். டேப்பைப் பல்லில் கடித்தபடி அப்படியே நின்றேன். அந்த வார்த்தை என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. காய் நறுக்கும்போதும் ரயிலுக்கு ஓடும்போதும் சம்பந்தமே இல்லாமல் 'தண்டம்' என்று கேட்கும். திரும்பிக்கூடப் பார்த்திருக்கிறேன்.

இந்த வருடம் காலாண்டு லீவு முடிந்ததும் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். அவர் கத்துகிற ஆளில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"மிஸ், நான் டிராயிங்குக்கு எதிரி இல்ல. ஆனா பேரன்ட்ஸ் நோட்டைத் திறந்து பார்க்கிறாங்க. மத்த சப்ஜெக்ட்ல எழுத்து இருக்கு, திருத்தினது இருக்கு. உங்க நோட்ல ஒரு மரம் இருக்கு. அந்த மரத்துலேர்ந்து அவங்க பிள்ளை என்ன கத்துக்கிச்சுன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

மேஜையில் விரித்திருந்த டிராயிங் நோட்டை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். பதினெட்டு வருடமாக இதே கேள்வியை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

"வொகாபுலரி கத்துக் கொடுங்க. ஓவியத்துக்குன்னு வார்த்தைங்க இருக்கில்ல? டிசம்பர் ஓப்பன் டேல நாலாம் வகுப்புப் பிள்ளைங்க எழுந்து நின்னு வார்த்தை சொல்லணும், அர்த்தமும் சொல்லணும். சொல்லிட்டா பீரியட் தொடரும். இல்லேன்னா ஜனவரிலேர்ந்து உங்க பீரியட்ல அபாகஸ் கணக்கு வருது. என் கையில ஒண்ணும் இல்ல மிஸ்."

நாலாம் வகுப்புக்கு என் பீரியட் வியாழக்கிழமை. ஓப்பன் டே சனிக்கிழமை. எண்ணிப் பார்த்தேன், தீபாவளி லீவும் மற்ற லீவுகளும் போக நடுவில் ஆறே ஆறு வியாழக்கிழமை இருந்தது.

அன்று ரயிலிலேயே போனில் தேடினேன். வார்த்தைத் தேடல் புதிர்கள் கொட்டிக் கிடந்தன. எழுத்துகள் நிரம்பிய ஒரு சதுரம், அதற்குள் ஒளிந்திருக்கும் பத்து வார்த்தைகள், கீழே அந்தப் பத்தின் பட்டியல். பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்து வட்டம் போட வேண்டும். ஓவியச் சொற்களுக்கென்றே ஆங்கிலத்தில் தயாராக இருந்தது: ஹ்யூ, டின்ட், ஷேட், டெக்ஸ்சர், பேலட், ஈசல். முப்பத்தெட்டுப் பிரதி ஜெராக்ஸ் எடுத்தேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வரைகிற நாட்களில் "மிஸ், அவன் என் ரப்பரை எடுத்துட்டான்" என்று பத்து பஞ்சாயத்து வரும் வகுப்பு, அன்று தலையைக் குனிந்தபடி கப்சிப்பென்று இருந்தது. பிரின்சிபால் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போனார். பிழைத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்தில் அதன் படத்தைப் போடச் சொன்னேன். ஈசல் என்பது தாளை நிறுத்தி வைத்து வரைகிற மரச்சட்டம். எங்கள் பள்ளியில் அப்படி ஒன்று கிடையாது, அவர்கள் பார்த்ததும் கிடையாது. அது மழைக்காலம் வேறு. ஏழு பேர் டியூப் லைட்டைச் சுற்றிப் பறக்கும் ஈசல் பூச்சியை வரைந்து வைத்திருந்தார்கள். ஒன்றில் றெக்கை உதிர்ந்து தரையில் கிடப்பதுகூட இருந்தது. நன்றாகவே வரைந்திருந்தான் அந்தப் பையன். விழுந்து விழுந்து சிரித்தேன். ஓப்பன் டே அன்று இதையே எழுந்து நின்று சொல்வார்களே என்று தோன்றியதும் தாள்களைக் கவிழ்த்து வைத்தேன்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் உண்டு. எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல், சீருடையின் மடிப்புகள் மட்டும் கத்தி போல் இருக்கும். பத்து வார்த்தையையும் எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடித்துவிடுவாள். அவளைத்தான் மலை போல் நம்பியிருந்தேன்.

"ஷேட்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

"மூணாவது லைன்ல கீது மிஸ்."

"அது எங்க இருக்குன்னு கேட்கலை. அப்படின்னா என்ன?"

"மூணாவது லைன் மிஸ்," என்றாள், எனக்குக் காது கேட்கவில்லையோ என்ற சந்தேகத்தோடு. "கடைசிலேர்ந்து எண்ணிக்கினு வந்தா நாலாவது கட்டம்."

அவளைக் குறை சொல்ல முடியாது. நான் கொடுத்த தாளில் அந்த வார்த்தைக்கு இருந்த அர்த்தம் அவ்வளவுதான். இரண்டு வாரமாகப் பிள்ளைகள் வட்டம் போட்டதும் பார்க்காத சாமானுக்குப் படம் போட்டதும்தான் மிச்சம். டிராயிங் பீரியடைக் காப்பாற்றுவதற்காக டிராயிங்கின் கழுத்தை நானே நெரித்துக்கொண்டிருந்தேன். ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்து, சாப்பிடாமல் மூடி வைத்தேன்.

நான்கு வியாழக்கிழமை மிச்சம். தமிழில் போடலாம் என்று முடிவு செய்தேன். பிரின்சிபால் புருவத்தைத் தூக்கினார். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பும் பழகும் என்று தமிழ் டீச்சர் எனக்காக ஒரு வார்த்தை சொன்னதால் சரி என்றார்.

புதிர் செய்துதரும் இணையதளத்தில் தமிழ் வார்த்தைகளைக் கொடுத்தால் அது என்ன செய்தது தெரியுமா? 'கோடு' இரண்டே எழுத்து. அதை நாலு கட்டமாக்கிவிட்டது. க ஒரு கட்டத்தில், அதன் கொம்பும் காலும் அடுத்த கட்டத்தில், ட இன்னொன்றில், அதன் சுழி தனியாக ஒரு கட்டத்தில். வண்ணத்தின் புள்ளிகளைப் பிய்த்துத் தனியாக உட்கார வைத்திருந்தது. எழுத்தில்லாத கொம்புக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வெற்று வட்டம் வேறு. அவசரத்தில் பார்க்காமல் ஜெராக்ஸ் போட்டுவிட்டேன். "மிஸ், இது இன்னா எழுத்து?" என்று முப்பத்தெட்டுப் பேரும் அந்த வட்டத்தைக் காட்டினார்கள். ஒரு பீரியட் போயே போய்விட்டது.

அதன் பிறகு இயந்திரத்தை நம்பவில்லை. ஸ்கேல் வைத்து, பத்துக்குப் பத்து கட்டம் போட்டு, கையாலேயே எழுதினேன். கொம்பும் காலும் புள்ளியும் சுழியும் தனிக்குடித்தனம் போகாது, எழுத்தோடுதான் இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். வார்த்தைகளைப் பதித்த பிறகு மிச்சம் இருக்கும் கட்டங்களைத் தோன்றிய எழுத்துகளால் நிரப்ப வேண்டும். அந்த எழுத்துகளுக்கு என்ன பெயர் என்று ஒருத்தி கேட்டாள். அது சும்மா எழுத்து என்றேன். பெயர் ஒட்டிக்கொண்டது. "மிஸ், இந்த க சும்மாவா, நெஜமா?" என்று கேட்பார்கள்.

சும்மா எழுத்திலும் ஒரு வம்பு உண்டு. ஒரு முறை குறுக்காக 'நாய்' என்று தானாக அமைந்துவிட்டது. மணி அடிக்கும்வரை வகுப்பே குரைத்தது. அதிலிருந்து நிரப்பி முடித்ததும் மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், குறுக்கு என்று எல்லா வரிசையையும் ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் ஜெராக்ஸுக்குப் போவேன்.

ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்தில் ஒரு அங்குலத்துக்குக் காலிக் கட்டம் ஒன்று போட்டுக் கொடுத்தேன். வார்த்தையைக் கண்டுபிடித்தால் போதாது, அதன் அர்த்தத்தை அந்தக் கட்டத்துக்குள் வரைந்து காட்ட வேண்டும். ஒரு அங்குலம்தான். அதற்குள்ளாவது பென்சில் ஓடட்டும் என்று பார்த்தேன்.

பட்டியலில் வேண்டுமென்றே சாதாரண வார்த்தைகளைப் போட்டேன். வெளி, குளிர், கனம், ஓட்டம். "வெளின்னா வாசல் மிஸ்" என்றார்கள். "வீட்ல வெளின்னா வாசல். படத்துல அதுக்கு வேற அர்த்தம்" என்றேன். இரண்டு பொருள்களுக்கு நடுவில் ஒன்றும் வரையாமல் விடுகிற இடம்தான் படத்தில் வெளி. நீலமும் பச்சையும் படத்தில் குளிர். அழுத்திப் போட்ட கோட்டுக்குக் கனம். பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று. நான் ஒரு வார்த்தையைப் போர்டில் எழுதினால் போதும், "படத்துல அதுக்கு வேற அர்த்தம்!" என்று கோரஸாகக் கத்துவார்கள்.

மூன்றாவது பெஞ்சுக்காரிதான் எல்லோரையும் தாண்டிப் போனாள். அவள் அம்மா அம்பத்தூரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை எடுத்துப் போடுகிறவர். வெள்ளை கலந்த வெளிர் நிறத்தை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்தாள்.

"அது இங்கிலீஷ் கலர் மிஸ்."

"என்னது?"

"எங்கம்மா கடைல அப்டித்தான் சொல்வாங்க. அடிக்காம, சாதுவா இருந்தா இங்கிலீஷ் கலர்."

அந்த வாரத்திலிருந்து தினமும் ஒரு நிறம் கொண்டுவந்தாள். வெங்காயத் தோல், அரக்கு, மிட்டாய் ரோஸ், ராமர் பச்சை. மயில் கழுத்து என்றால் என்ன என்று கேட்டேன். "அப்டி திருப்பினா நீலம் மிஸ், இப்டி திருப்பினா பச்சை" என்று கையைத் திருப்பிக் காட்டினாள். ஒரு அங்குலக் கட்டத்துக்குள் இரண்டு க்ரேயானை மாற்றி மாற்றித் தேய்த்து அதை வரைந்தும் விட்டாள். நிறத்துக்கு ஹ்யூ என்று நான் தொண்டை கிழியக் கத்தியபோது நடக்காதது அங்கே நடந்தது. அன்று அண்ணனூர் பிளாட்பாரத்தில் நின்றபோது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம் பாதி, பயம் பாதி. இவ்வளவு நன்றாகப் போகிற ஒன்றைப் பிடுங்கிவிடுவார்களே என்று மனசு அடித்துக்கொண்டது.

சனிக்கிழமை என்றிருந்த ஓப்பன் டேயை, கனமழை லீவு வந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு நாள் முன்னதாக வியாழக்கிழமையே வைத்துவிட்டார்கள். புதன் சாயங்காலம்தான் வாட்ஸ்அப்பில் வந்தது. பெற்றோர்கள் முன்னால் பிள்ளைகள் பேசப்போகிற கடைசிப் புதிர் அப்போது தயாராகவில்லை. மறுநாள் குக்கர் விசிலுக்கு நடுவே பத்து வார்த்தைகளையும் கட்டங்களில் பதித்தேன். சும்மா எழுத்துகளை ரயிலில் நிரப்பிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன்.

திருநின்றவூரில் உட்கார இடம் கிடைத்தது. பட்டாபிராம் தாண்டுவதற்குள் பாதி நிரப்பிவிட்டேன். ஆவடியில் கூட்டம் ஏறியது. ஒரு அம்மா தன் பையை என் மடியில் வைத்து, "கொஞ்சம் பிடிச்சிக்கோம்மா" என்றார். யாருடைய குடையிலிருந்தோ தண்ணீர் தாளின் ஓரத்தில் சொட்டியது. மிச்சக் கட்டங்களில் கைக்கு வந்த எழுத்தைப் போட்டேன். அண்ணனூர் வந்துவிட்டது. வரிசைகளை வாசித்துப் பார்க்கவில்லை.

காலையிலேயே பிள்ளைகள் வார்த்தைகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள், சிலருக்குப் படம் போடுகிற கட்டங்கள்தான் மிச்சம். மதியம் பெற்றோர்கள் வந்தார்கள். பெஞ்சுகளில் இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். போன வருடம் அந்த வார்த்தையைச் சொன்ன அப்பாவும் மகனோடு நின்றிருந்தார். பிரின்சிபால் கையில் ஒரு ரிஜிஸ்டர். மூன்றாவது பெஞ்சுக்காரியின் அம்மா, கடையிலிருந்து அரை நாள் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரு பையன் கனத்தை விளக்கினான், போர்டில் சாக்பீஸை அழுத்திக் காட்டினான். இன்னொருத்தி குளிர் சொன்னாள். பெற்றோர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரின்சிபால் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் மூன்றாவது பெஞ்சுக்காரியைக் கூப்பிட்டேன். வெளியைப் பற்றிச் சொன்னாள். தன் அம்மாவின் புடவையையே காட்டி, "இது இங்கிலீஷ் கலர், பார்டர் அரக்கு" என்றாள். கை தட்டினார்கள். நிஜமாகவே தட்டினார்கள். பீரியட் பிழைத்துவிட்டது என்று எனக்கு உறுதியாகப் பட்டது.

அவள் உட்காரவில்லை.

"மிஸ், லிஸ்ட்ல பத்துதான் கீது. நான் பதினொண்ணு கண்டுபுடிச்சேன்."

"அப்படியா? சொல்லும்மா" என்றார் பிரின்சிபால்.

அவள் தாளைத் தூக்கிப் பிடித்து, மேலிருந்து கீழாக விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். "த. ண். ட. ம். தண்டம்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அது திட்டுற வார்த்தைன்னு எனக்குத் தெரியும் மிஸ், ஊட்ல சொல்வாங்க. ஆனா படத்துல அதுக்கு வேற அர்த்தம் இருக்குமில்ல? இன்னா மிஸ் அது?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும். அந்த அப்பா, "மிஸ்ஸே ஒத்துக்கிட்டாங்க மேடம், நாம சொல்ல என்ன இருக்கு" என்றார். சிரிப்பு இன்னும் பெருகியது. பிரின்சிபால் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

"அது சும்மா எழுத்தும்மா, தானா வந்துடுச்சு" என்றேன்.

"இல்ல மிஸ், ரெண்டு எழுத்துதான் சும்மா. ண் வண்ணத்துது, ம் வடிவத்துது." உதவி செய்கிற மாதிரிதான் சொன்னாள்.

அப்போது நான் செய்ததை எத்தனை தடவை நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. பிரின்சிபால் பக்கம் திரும்பி, "நான் எழுதலை மேடம். இவதான் எழுத்தை மாத்தியிருக்கா. கை சும்மா இருக்காது இவளுக்கு" என்றேன். சுவரோரம் நின்றிருந்த அவள் அம்மா பாய்ந்து வந்து அவள் தோளில் ஓர் அடி வைத்தார். "நாலு பேரு எதிர்ல மானத்த வாங்கறியா?" அந்தப் பெண் அழவில்லை. நான் சொன்னதை அவள் ஒரு புதிர் மாதிரி முகத்தைச் சுருக்கி யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அப்பா மெதுவாகத் தன் மகனின் தாளை எடுத்தார். "இதுலயும் அதே வரிசைதான் இருக்கு மேடம்." பக்கத்துப் பெஞ்சிலிருந்து இன்னொன்றை எடுத்தார். "இதுலயும்." ஜெராக்ஸ் தாள். முப்பத்தெட்டிலும் இருந்தது. என் கையெழுத்தில் இருந்தது.

அது தற்செயலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடமாகக் காதுக்குள் இருந்ததை ஆவடிக்கும் அண்ணனூருக்கும் நடுவே கை எழுதிவிட்டதோ என்னவோ.

திங்கட்கிழமை பிரின்சிபால் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணு காலையில தானா வந்து நின்னா. எல்லாருடைய ஷீட்லயும் தான்தான் மாத்தினேன்னு சொல்றா. முப்பத்தெட்டு ஷீட்லயும். மிஸ் மேல தப்பில்ல, டிராயிங் பீரியடை எடுக்காதீங்கன்னு கேக்கறா. நீங்க சொல்லிக் கொடுத்து அனுப்பினீங்களா?"

"ஐயோ, இல்ல மேடம்."

"அவ செஞ்சதுன்னா நான் பேரன்ட்டைக் கூப்பிட்டு எழுதி வாங்கணும். நீங்க செஞ்சதுன்னா வேற. யாருன்னு சொல்லுங்க."

அவள்தான் என்று சொன்னால் போதும், ஒருவேளை இன்னும் ஒரு வருடம் ஓடும் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். அவள் தோளில் விழுந்த அடியின் சத்தம் ஞாபகம் வந்தது.

"நான்தான் மேடம். அவ ஒண்ணும் செய்யலை. அன்னிக்கு நான்தான் பொய் சொன்னேன்."

பிரின்சிபால் ரிஜிஸ்டரை மூடி வைத்தார். "டிசம்பர் முடியட்டும் மிஸ்" என்றார். அவ்வளவுதான், முடிந்தது. ஜனவரியிலிருந்து அபாகஸ்.

அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின வியாழக்கிழமைதான் என் கடைசி பீரியட். பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஓப்பன் டே புதிரில் முடிக்காமல் விட்ட படக் கட்டங்களை முடிக்கச் சொன்னேன். மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். தள்ளி இடம் விட்டாள். அவள் தாளில் பத்துக் கட்டமும் நிறைந்திருந்தது. பட்டியலுக்குக் கீழே தானே ஸ்கேல் வைத்துப் பதினொன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, பக்கத்தில் 'தண்டம்' என்று எழுதியிருந்தாள். கட்டத்துக்குள் ஒன்றுமில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். முப்பத்தேழு பேர் நடுவில் ஒன்பது வயதுப் பெண்ணிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

"நீ மாத்தலைன்னு மேடம்கிட்ட சொல்லிட்டேன்டா. நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டேன்."

அவள் முகம் விழுந்துவிட்டது. "ஏன் மிஸ் சொன்னீங்க? நான்தான்னு மேடம் நம்பிக்கினு இருந்தாங்க. பீரியட் இருந்திருக்குமே."

அவள் க்ரேயான் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இதுக்கு மட்டும் நீங்க சொல்லவே இல்ல மிஸ். படத்துல தண்டம்னா இன்னா?"

"அந்தக் கட்டத்தைக் காலியாவே விட்ரும்மா."

"காலியா உட்டா மார்க் போவும் மிஸ்."

"மார்க் போடப் போறதில்ல" என்றேன்.